மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்திய அக்காவுக்கு

என் செல்ல அக்கா, பேராசிரியை அம்மா,

உன் புத்தகம் வந்துவிட்டது! காலை பஸ்ஸில் பார்சல் வந்தது. என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, படிக்க வந்த பெண்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தேன். அட்டையில் நம் கோயில் மண்டபத்துத் தூணில் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சிச் சிலை. நீ போய் எட்டு மாதமாகிறது. இருந்திருந்தால் அட்டை நிறம் சரியில்லை என்று முதலில் சண்டை பிடித்திருப்பாய்.

அந்தச் சிலையால் நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? உன் ஆய்வேட்டை நான்தான் டைப் அடித்தேன், கார்பன் வைத்து ஐந்து பிரதி. பைண்டிங்கும் முடிந்தது. திங்கட்கிழமைக்குள் அதைக் கொடுத்துவிட்டால் மதராஸில் கலை வரலாற்று விரிவுரையாளர் வேலை உனக்குத்தான். வெள்ளிக்கிழமை, கடைசியாக ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று கோயிலுக்குப் போனாய்.

அங்கே வேங்கிக்காலிலிருந்து வந்த நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி சிலையின் வயிற்றில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று நீ கேட்டாய்.

"எங்கம்மா என்னை வயித்துல வெச்சிருந்தப்ப தேச்சாங்க. அவங்கம்மாவும் தேச்சாங்களாம். தேச்சா சுகப்பிரசவம் ஆவும்மா. நீங்களும் கொஞ்சம் தேய்ங்களேன்" என்றாளாம்.

நீ முகம் வெளுத்து வீட்டுக்கு வந்தாய். அந்த வயிறு மடிப்பில்லாமல் வழுவழுவென்று இருப்பது நம் ஊர்ப் பக்கத்துச் சிற்பிகளின் தனிப் பாணி என்று மூன்றாம் அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தாய். பாணியாவது ஒன்றாவது! அத்தனையும் பெண்கள் தேய்த்துத் தேய்த்து ஆனது.

"போச்சுடி. அத்தியாயமே தப்பு."

"யாருக்குக்கா தெரியப்போவுது? கம்முனு குடுத்துட்டு வா."

"எனக்குத் தெரியுமேடி!"

பைண்டிங்கைப் பிரித்தாய். வேலை வேறொருவருக்குப் போனது. நான் மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நாலாம் நாள்தான் மறுபடி டைப் அடிக்க உட்கார்ந்தேன், வரிக்கு வரி உன்னைத் திட்டிக்கொண்டே.

அதற்கப்புறம் நீ போன போக்கு இருக்கிறதே! எண்ணெய், மஞ்சள், வெண்ணெய் என்று, கும்பிட வருகிறவர்களின் கை கல்லை எப்படி மாற்றுகிறது என்பதே உன் ஆராய்ச்சியாகிவிட்டது. அடுத்த வருஷமே வேறொரு கல்லூரி கூப்பிட்டு வேலை கொடுத்தது. லீவு விட்டால் போதும், மாணவிகளோடு இங்கே வந்து இறங்கிவிடுவாய். ஆசிரமத்துக்கு வந்து செங்கம் ரோட்டில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள்கூட உன் பின்னால் வருவார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. உன்னிடம் ஒருநாளாவது சொன்னேனா?

ஒரு விஷயம், திட்டாதே. முன்னுரையில் உன் தவற்றை ஒளிக்காமல் எழுதிவிட்டு, கூடவே, "என் தங்கை முகம் சுளிக்காமல் மறுபடி தட்டச்சு செய்து தந்தாள்" என்றும் எழுதியிருந்தாய். அடிப்பாவி! கல்லைப் பற்றி ஒரு பொய் எழுத மனம் வராதவள், என்னைப் பற்றி மட்டும் எழுதலாமா?

அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க என்னிடம்தான் அனுப்பினார்கள்; அந்த வரியை மாற்றிவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: "தவற்றை மறைக்கச் சொன்னவள் என் தங்கை. மூன்று நாள் பேசாமலிருந்துவிட்டு, திட்டிக்கொண்டேதான் தட்டச்சு செய்தாள்."

எத்தனை பதிப்பு வந்தாலும் இந்த வரியை எடுக்க விடமாட்டேன் அக்கா. இது சத்தியம்.

உன் கோபக்காரத் தங்கை,
வசந்தா