பதினைந்தாவது வயலின்

மார்ச் 9, திங்கள், மாலை 5.40. நீயும் அம்மாவும் கிளம்பிப் போய் 163 நாள். நீ என் போனை எடுக்காமல் 11 நாள்.

அன்புள்ள சுண்டெலிக்கு, அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே நீயும் அம்மாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுத வராது, ரிப்போர்ட் மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள். அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு நான் கேட்ட மாற்றல் இன்னும் மேலதிகாரி மேஜையில் தூங்குகிறது. சமையலறைக் குழாய் சொட்டியதை நிறுத்திவிட்டேன். சித்தப்பா போன வாரம் வந்து உன் கட்டிலில் படுத்து ஒரு காலை ஆட்டம் காண வைத்துவிட்டுப் போனான், அதையும் முடுக்கியாயிற்று. மேல்வீட்டு டெய்லர் படியில் பிடித்துக்கொண்டு, பாப்பா எப்ப சார் வரும், வீடு ஊமையாட்டம் கெடக்குதே என்கிறார். நீ வாசித்தபோதெல்லாம் விளக்குமாற்றுக் கட்டையால் தரையை இடித்த அதே மனுஷன். ஆறு மணி ஆனால் என் கை தானாக டிவி சத்தத்தைக் குறைக்கிறது, நீ வாசிக்க உட்காரும் நேரம் அது. குறைத்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். 28ஆம் தேதி வயலின் நிகழ்ச்சிக்கான ஒத்திகையில் நடந்ததை அம்மா நேற்றுதான் முழுசாகச் சொன்னாள். முதல் பாட்டு முடிந்ததும் டீச்சர் உன் சுருதியைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாராம், எங்கப்பா அனுப்பின மெஷின்ல பாத்துட்டேன், நீங்கதான் தப்பு என்றாயாம், அப்ப உங்கப்பாகிட்டயே கத்துக்கோ என்று அவர் உன்னை ஓர பெஞ்சில் உட்காரவைத்துவிட்டாராம். அன்றிலிருந்து வயலின் அலமாரிக்கு மேலே, நீ வகுப்புக்கும் போகவில்லை, என்னிடமும் பேசவில்லை. அந்தச் சுருதி மெஷினைத் தபாலில் அனுப்பியவன் நான். A கம்பி என்றால் நொடிக்கு 440 அதிர்வு, இம்மி இறங்காதே, யார் சொன்னாலும் கேட்காதே என்று ஏற்றிவிட்டவனும் நான். உன் வாயில் வந்தது என் பேச்சு, பெஞ்சில் உட்கார்ந்தது நீ.

அம்மா அந்த ஒத்திகையைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். டீச்சரோடு சண்டை போட ஆதாரம் வேண்டுமே என்று, என்னிடம் இருக்கும் இன்னொரு மெஷினில் அளந்தேன். நீ 440, அச்சு அசல். பியானோவும் மற்ற பதினான்கு பேரும் 432. ஜெயித்துவிட்டோம் என்று மெஷினைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் காதால் கேட்டேன். பதினான்கும் ஒன்றாகப் போகின்றன, ஒன்று மட்டும் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி. அது நீ. இன்று மதியம் டீச்சருக்குப் போன் போட்டு, ஏன் 432 என்று நேராகக் கேட்டேன். தம்பி, அந்தப் பியானோ எங்க டீச்சரோட டீச்சர் காலத்துது, முறுக்கினா கம்பி அறுந்துடும், அதால ஏற முடியாது, நாம இறங்கலாம்ல, எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க என்றார். அவ்வளவுதான். ஐந்து மாதத்தில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி. இத்தனைக்கும் கடை கடையாகப் போய் எடை மெஷின் சரிபார்க்கிறவன் நான். என் பெட்டியில் இருக்கும் ஒரு கிலோ எடைக்கல் ஒரு கிலோதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? வருஷத்துக்கு ஒருமுறை அதை இன்னொரு கல்லோடு ஒப்பிட்டுத் தாள் தருகிறார்கள், அந்தக் கல்லை அதற்கும் மேலே இன்னொன்றோடு. தாளை நம்பிக் கையெழுத்துப் போடுகிறேன். என் பிழைப்பே இப்படிக் கைமாறி வந்ததை நம்பி ஓடுகிறது, உன் டீச்சர் செய்தபோது மட்டும் எனக்கு அது பழம்பஞ்சாங்கமாகத் தெரிந்தது. உன்னைப் பெஞ்சில் உட்காரவைத்தது தப்பு, அதையும் அவரிடம் சொன்னேன். கோபத்துல செஞ்சுட்டேன், சனிக்கிழமை வரச் சொல்லுங்க, அவ எடத்தை யாருக்கும் குடுக்கல என்றார்.

போ என்று உத்தரவு போட மாட்டேன், நான் உத்தரவு போட்ட லட்சணத்தைத்தான் பார்த்தாயே. ஆனால் நீ போகவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. போனால், டீச்சர் பியானோவில் வாசிக்கும் சுரத்தை முழுசாகக் கேட்டுவிட்டு உன் கம்பியில் கை வை. புரியாவிட்டால் ஏன் என்று கேள். தப்பு என்று ஆரம்பிக்காதே, அது என் புத்தி, உனக்கு வேண்டாம். நன்றாக இரு, நிறைய வாசி, என்னைவிடப் பொறுமையாக வளர்ந்து வா. ஒன்று மறக்காதே, வயலின் வில்லை உடனே தளர்த்தி வை, கோபத்தில் முறுக்கியபடியே பெட்டிக்குள் போட்டிருப்பாய்.

இனி நான் செய்யப்போவது:

1. இதை நாளைக் காலை முதல் தபாலில் சேர்ப்பது. வியாழன் உன் கைக்கு வரும்.
2. டீச்சருக்கு மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதுவது. போனில் பாதிதான் வாயில் வந்தது.
3. சனிக்கிழமை வரை உனக்குப் போன் செய்யாமல் இருப்பது. கஷ்டம்தான்.
4. 28ஆம் தேதி நிகழ்ச்சிக்கு வருவது. லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.
5. நீ மேடையில் இருந்தால் கீழே கடைசி வரிசையில் உட்காருவது. இல்லாவிட்டால் ஓர பெஞ்சில், உன் பக்கத்தில்.

உன் அப்பா