முன்னறையில் ஒரு காலண்டர்

மார்ச் 9, ஞாயிறு

மழை விட்டபாடில்லை. ரொட்டி வாங்கப் போகும் வழியில் கோல்மன் டார்ப்பியின் டிராக்டர் எதிரே வந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினார். தங்களில் ஒருவருக்கு இந்த ஊர்க்காரர்கள் வைக்கும் வணக்கம் அது. டப்ளினிலிருந்து இந்தக் கில்கோரன் கிராமத்துக்குக் குடிவந்து பதினோரு வருஷம். ஒருவர் எனக்கு விரல் தூக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் இதற்குப் போய்ப் பூரித்துப்போகிறேன், வெட்கமில்லாமல்.

மார்ச் 22

கோல்மன் சாவி தந்துவிட்டார்! அவர் பிறந்த பெரிய வீடு. இருநூறு வருஷத்துக் கல் கட்டடம். அம்மா இறந்ததிலிருந்து நாற்பத்திரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. பாழடைந்த வீடுகளைத் தேடித்தேடிப் போட்டோ எடுப்பவள் நான் என்று தெரிந்தும் இரண்டு வருஷம் இழுத்தடித்தார்.

"எம்பொண்ணு ஓர்லா ஆஸ்திரேலியாவுலேர்ந்து திரும்பி வர்றா, ஃபிடெல்மா. வீட்டைச் சரிபண்ணி அதுலயே இருக்கப்போறாளாம். அதுக்கு முன்னாடி நீ எடுத்துக்க. ஆனா எந்த ஊருன்னு வெளிய தெரியக் கூடாது. குளிர்காயற பளிங்குக் கணப்பைப் பேத்து விக்கிறதுக்குன்னே லாரி போட்டு அலையறானுங்க."

எனக்கா சொல்ல வேண்டும்? பாழ்வீடுகளைப் படமெடுக்கும் எங்கள் கூட்டத்தின் முதல் விதியே அதுதான்: இடத்தைச் சொல்லாதே. இரண்டாவது: எதையும் நகர்த்தாதே.

மார்ச் 29

நாள் முழுக்க அங்கேதான். கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. முன்னறையில் வெள்ளைப் பளிங்குக் கணப்பு. ஆனால் அதற்கு மேல் சுவர் மொட்டை. படத்தில் உயிரே இல்லை. பால் வைக்கும் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு காலண்டர் தொங்கியது: 1983 அக்டோபர், கீழே ஏதோ விதைக்கடை விளம்பரம். எடுத்து வந்து கணப்புக்கு மேல், கண்ணாடி தொங்கிய ஆணியில் மாட்டினேன். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் வந்து விழுந்தது. அடடா!

எடுத்து முடித்ததும் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். யாருக்கு என்ன நஷ்டம்?

ஏப்ரல் 5

படத்தை இணையத்தில் போட்டேன். ஜன்னலில் தெரிந்த மலையை வெட்டிவிட்டேன். இடம் காட்டும் விவரம் எல்லாவற்றையும் அழித்தேன். சாயங்காலத்துக்குள் நாலாயிரம் பேர். எல்லாரும் காலண்டரைப் பார்த்துத்தான் உருகுகிறார்கள்.

ஏப்ரல் 6

பழைய இரும்பு வியாபாரி கிறிஸ்டி லவெல் கடை வாசலில் வம்புக்கு இழுத்தான். "இடிஞ்ச வீடுன்னா ஓடி ஓடிப் போட்டோ புடிக்கிறியாமே? எங்கூட்டுக் கூரையும் ஒழுகுது, வந்து புடி தாயி!" சிரித்து மாளவில்லை.

ஏப்ரல் 24

கணப்பைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கூரைமேலிருந்த ஈயத் தகடுகளும் போயாச்சு. கோல்மன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், தொப்பி மடியில்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ஹெரட்டி விதைக்கடை, கில்கோரன்.' எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. இந்த ஊரில் அப்படி ஒரு வீடு ஒன்றே ஒன்றுதான். மலையை வெட்டினேன், ஊர்ப் பெயரை நடுவீட்டில் மாட்டினேன்.

படத்தை நீக்கிவிட்டேன். இனிமே நீக்கி என்னடி பிரயோஜனம்?

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசை முடிந்து மாதாகோயில் வாசலில் எல்லாரும் நிற்கும்போது கோல்மன் கிறிஸ்டியின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"லாரி உங்கிட்டதாண்டா இருக்கு. பின்பக்க வழியும் உனக்குத்தாண்டா தெரியும்!"

"நாப்பது வருஷமா உன் வைக்கோல ஏத்துன லாரிடா அது," என்றான் கிறிஸ்டி.

இரண்டடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்றவரிடம், "மழை வரும்போல இருக்கு," என்றேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷி.

மே 2

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மே 3

சொல்லவில்லை.

ஜூலை 12

ஈயம் போன இடத்தில் மழை இறங்கி, மாடித்தளம் முன்னறைக்குள் விழுந்துவிட்டது. இடித்துவிடுவதுதான் நல்லது என்று பொறியாளர் சொல்லிவிட்டாராம். "ஓர்லா வரலையாம்," என்றார் கோல்மன் கடையில், வானிலை சொல்வதுபோல. கிறிஸ்டி உள்ளே வந்ததும் வாங்க வந்ததை வாங்காமலே வெளியே போனார்.

செப்டம்பர் 14

கோல்மன் வீட்டுக்கு வந்தார். "போட்டோவாவது அனுப்புங்கப்பான்னு ஓர்லா கேக்குறா."

படிக்கட்டு, வாசல், சமையலறை என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். "முன்னறை?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டைத்தான் விழுங்கினேன், படத்தையும் விழுங்குவதா? எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தக் காலண்டர் பால் ரூம் கதவுக்குப் பின்னாடில்ல இருந்துச்சு. முன்னறையில காலண்டரா? எங்கம்மா கொன்னுபோட்டிருப்பா."

"நான்தான் மாட்டுனேன். நெட்டுல போட்டேன். கடைப் பேரு தெரிஞ்சுபோச்சு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். தேநீரைக் கடைசி மடக்கு வரை குடித்தார். படங்களைச் செய்தித்தாளில் மடங்காமல் சுற்றிக்கொண்டு, "டீக்கு தேங்க்ஸ்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஊரே என்னைக் காறித் துப்பும் என்று பயந்துகொண்டேதான் பூசைக்குப் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கிறிஸ்டிதான் ஓடி வந்தான். "தெரியுமா சேதி? கிழவன் எங்கூட்டு வாசல்ல வந்து தொப்பியைக் கழட்டிட்டு மன்னிப்புக் கேட்டான்! அப்ப யாருதான்யா காரணம்னு கேட்டேன். வாயத் தொறக்க மாட்டேங்குறான்."

அக்டோபர் 6

ரொட்டி வாங்கப் போனேன். கோல்மனின் டிராக்டர் எதிரே வந்தது. நான் முந்திக்கொண்டு விரலைத் தூக்கினேன். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி போனார்.