இரண்டு கட்சிக்கும் ஒரே ஆமென்

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா துணையால் நான் சுகம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? தேய்க்காமல் தேய்த்தேன் என்று சொல்லக் கூடாது.

இங்கே அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். ஒரு வேட்பாளர் கட்சி மாநாட்டில் பேசியதை எங்கள் முதியோர் இல்லத்தில் எல்லோரும் கூடி டிவியில் பார்த்தார்கள். பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் பல்லைக் கடித்தார்கள். பல் இல்லாதவர்கள் முனகினார்கள். கடைசியில் அவர் கையை உயர்த்தி, "கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்" என்றார். தேங்காய்ப்பட்டணத்துச் சர்ச் பழக்கம் விடுமா? மாத்திரைத் தட்டோடு நின்ற நான் சிலுவை போட்டு, "ஆமென்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

இல்லத்தில் இருக்கும் வால்டர் தாத்தா அந்த வேட்பாளருக்கு எதிர்க்கட்சி. அன்றிலிருந்து என் கையால் பிரஷர் மாத்திரை வாங்கவில்லை. அவர் சொன்னதை நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், "ஏட்டி, ஒனக்க கட்சிக்காரனுக்கே கொண்டு குடு!"

பிறகு அவர் கட்சி மாநாடும் வந்தது. அந்த வேட்பாளரும் அதே ஆசீர்வாதத்தோடுதான் முடித்தார். தாத்தா டிவியை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். முன்னதைவிடச் சத்தமாக ஆமென் சொன்னேன். உடனே மாத்திரைக்கு வாயைத் திறந்தார்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும், என்னோடு வேலை பார்க்கும் அபினா லீவு முடிந்து திரும்பும்போது கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புங்கள். வாசம் வெளியே வராமல் கட்டுங்கள்.

தாத்தா மணி அடிக்கிறார், போகிறேன். இன்னொன்று அம்மா. இங்கே ஓட்டே இல்லாத எனக்கு இரண்டு வேட்பாளர்களின் முகமும் தினமும் முழுதாகத் தெரிகிறது. வீடியோ காலில் உங்கள் நெற்றியும் ஃபேனும்தான் தெரிகின்றன. ஞாயிற்றுக்கிழமை போனை முகத்துக்கு நேரே பிடியுங்கள்.

உங்கள் ரெஜிஷா