உம்மா செய்து தந்த கிழங்கு

மருதமுனை,
புதன்கிழமை.

அன்பு மனைவி பஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பின்வளவில் இருக்கிற சபூறா லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். இந்தக் கடிதத்தை உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லி அவளிடம் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் உனக்குக் கிடைக்கிறது வெள்ளிக்கிழமையில் பத்து நிமிசம், அதிலும் மகள் பக்கத்தில் நிற்பாள். போன இரண்டு வெள்ளியும் நீ எடுக்கவும் இல்லை.

முதலில் நல்ல செய்தியைச் சொல்கிறேன். திங்கட்கிழமை மகள் ஸம்றாவை டொக்டரிடம் காட்டினேன். நிறை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. ஈரலில் கொழுப்பு என்று பயப்படுத்தினாரே, அதே டொக்டர் இந்த முறை சிரித்தார். இப்படியே போனால் மருந்து தேவையில்லை என்றார். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவளுடைய உம்மா ஓவன் அனுப்பியிருக்கிறா, எண்ணெயில் பொரிக்காமல் கிழங்கைச் சுட்டுக் கொடுக்கிறோம் என்று சொன்னேன். அந்த நல்ல பெயர் உனக்குத்தான். ஒன்பது வயதுப் பிள்ளை நாற்பத்தெட்டுக் கிலோவுக்கு வந்தது என்னால். சமைக்கத் தெரியாமல், பேக்கரியில் மிஞ்சுகிற ரோல்ஸையும் பெட்டிஸையும் நாலு வருசமாக வீட்டுக்குக் கொண்டு வந்தவன் நான்தான்.

உன் ஓவனோடு நான் பட்ட பாட்டை நீ அறியமாட்டாய். பேக்கரியில் போறணை நெருப்புக்கு முன்னால் பதினாறு வருசம் நின்றவனுக்கு இது ஒரு விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்தேன். நீ எழுதி அனுப்பிய தாளை ஒழுங்காக வாசிக்காமல், வத்தாளங்கிழங்கையும் கரட்டையும் பீட்றூட்டையும் வெட்டித் தட்டில் நெருக்கிப் போட்டேன். பணிஸ் அடுக்கிப் பழகிய கை. பணிஸ் ஒன்றோடொன்று முட்டினால்தான் பக்கம் மெத்தென்று வரும். கிழங்கு அப்படியில்லையாம். எல்லாம் அவிந்து குழைந்து போனது. அடுத்த நாள் கரட் கருகிவிட்டது, மரவள்ளி உள்ளே பச்சையாகவே இருந்தது. பிறகுதான் தாளை எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். வெட்டியதைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரமில்லாமல் துடைத்து, ஒரு கரண்டி எண்ணெயும் மிளகுத்தூளும் பிரட்டி, ஒன்றில் ஒன்று முட்டாமல் பரப்பி, பாதியில் திருப்பிப் போட்டு, உப்பைக் கடைசியில் தூவினேன். மரவள்ளியை முதலே அவித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மொறுமொறு என்று வந்தது. ஸம்றா ஒரு துண்டைக் கடித்தாள். பிறகு தட்டையே மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"வாப்பா, உம்மா அங்க உள்ள புள்ளையளுக்கும் இதத்தானா சுட்டுக் குடுக்கிற?"

ஓம் மகள் என்றேன். ஒவ்வொரு நாளுமா என்று கேட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொடுப்பாவாம் என்றேன். என் வாயை நான் அங்கே கட்டியிருக்க வேண்டும். அவள் தட்டைக் கீழே வைத்தாள். மிச்சத்தைச் சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளி நடந்தது உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் பெயர் என்ன என்று கேட்டாள். நீயும் பிள்ளை ஆசையாகக் கேட்கிறாள் என்று நினைத்து, லூலுவா, ஹமத் என்று சொன்னாய். லூலுவாவுக்குத் தோல் சீவித்தான் கொடுக்க வேண்டும், நான் ஊட்டாவிட்டால் அவள் ஒரு துண்டும் தின்னமாட்டாள் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய். ஸம்றாவின் முகத்தை நீ காணவில்லை, நான் கண்டேன். "அப்ப நீங்க அங்கயே இரிங்க. எனக்கு வாப்பா சுட்டுத் தருவார்" என்று சொல்லி போனை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் போனைக் காதில் வைத்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய். "அவளுக்கு நான் தேவல்ல. மேடம் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கடதாசி கொண்டு வந்திரிக்கா, கையெழுத்து வைக்கப் போறன்" என்றாய். இப்போது சொல்கிறேன், பஸ்மினா. அந்தச் சொல்லை வைத்து முடிவெடுக்காதே. அதற்குப் பிறகு நடந்ததை நீ அறியமாட்டாய்.

நேற்று கிருசிகா டீச்சர் பேக்கரிக்கு வந்தா. பாண்டிருப்பில் இருந்து வருகிற டீச்சர், ஸம்றாவின் வகுப்பாசிரியை. பாணை வாங்கிக்கொண்டு, "ஸம்றாட அம்மா வந்துட்டாவாமே, சந்தோசம்" என்றா. எனக்கு விளங்கவில்லை. டீச்சரே சொன்னா. மகள் இப்போது ஒவ்வொரு நாளும் இன்டெர்வலில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறாளாம். எங்கட உம்மா சுபஹோட எழும்பிச் செய்து தந்த கிழங்கு என்று சொல்கிறாளாம். உம்மா எப்ப வந்த என்று டீச்சர் கேட்டதற்கு, "ஒவ்வொரு நாளும் காலையில வந்து செஞ்சி தந்துட்டுப் போவா" என்றாளாம்.

டீச்சர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் ஓம் டீச்சர் என்றேன். மிச்சக் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், ஏற்கெனவே அடுக்கியிருந்த மா மூட்டைகளை இறக்கித் திரும்ப அடுக்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஏசவில்லை, கேட்கவும் இல்லை. அவள்தான் கேட்டாள். "வாப்பா, இத உம்மா எப்பிடி வெட்டுவா? நீளமாவா, வட்டமாவா?" நான் வெட்டுகிற மாதிரித்தான் என்று சொன்னேன். "இல்ல, நீங்க தடிப்பா வெட்டுறீங்க" என்றாள்.

நீ வீட்டைப் பற்றி யோசிப்பாய். மகளுக்குச் சீதனம் என்று கட்டுகிற வீடு அரைகுறையில் நிற்கிறதே என்று நினைப்பாய். மேசனை நான் நிறுத்திவிட்டேன். கூரை போட்ட இரண்டு அறை நமக்குப் போதும். அவள் கலியாணம் முடிக்க இன்னும் எத்தனையோ வருசம் கிடக்கிறது. உன்னைக் குவைத்துக்கு அனுப்ப ஏஜென்சி நீட்டிய சம்மதத் தாளில் அன்றைக்குக் கையெழுத்து வைத்தவன் நான். அவளுக்கு அப்போது ஐந்து வயது. உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

கையெழுத்து வைக்காதே. கேட்பது அவ்வளவுதான். அல்லாஹ் உன்னை நல்லபடியாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் கணவன்,
பளீல்.


குவைத்,
சனிக்கிழமை.

ஸம்றாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். சபூறா கடிதத்தைத் தந்தாள். குளியலறைக்குள் போய் வாசித்தேன். இங்கே வேறு தனியிடம் எனக்கில்லை.

நான் கையெழுத்து வைத்துவிட்டேன். மகள் அப்படிச் சொன்னதற்கு அடுத்த நாளே வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன், அவள் மேல் இல்லை, என் மேல். உங்கள் கடிதத்தை வாசித்ததும் மேடத்திடம் போய்க் கேட்டேன், அழுதும் கேட்டேன். பேசியது பேசியதுதான், இரண்டு வருசம் முடியட்டும் என்றா. அவ கெட்டவ இல்லை. அவவுக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். போன் எடுக்காமல் இருந்தது, இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான்.

லூலுவாவுக்கு இப்போது நான் ஊட்டுவதில்லை. தட்டை முன்னால் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். அந்தப் பிள்ளை என்ன குற்றம் செய்தது? ஆனாலும் கை போகுதில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் தானாக எடுத்துத் தின்றாள்.

நான் நீளமாகத்தான் வெட்டுவேன் என்று மகளிடம் சொல்லுங்கள். அவளுடைய சுண்டுவிரல் அளவுக்கு. இதை எழுதிவிட்டு என் சுண்டுவிரலைப் பார்த்தேன். அவளுடைய விரல் இப்போது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. ஒரு தாளில் கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்பச் சொல்லுங்கள்.

ஓவன் கதவைத் திறக்கும்போது அவளைக் கிட்ட விடாதீர்கள், ஆவி முகத்தில் அடிக்கும்.

நான் வரப் போவதில்லை என்பதை இப்போதே சொல்லிவிடாதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற வெள்ளி நானே சொல்கிறேன். அவள் போனைக் கையில் எடுத்தால் சொல்கிறேன்.

டீச்சர் இனியும் கேட்டால் ஓம் என்றே சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் அவள் சொல்வதற்காக அவளை ஏச வேண்டாம். உங்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான். அல்லாஹ் என் பிள்ளையின் உடம்புக்குச் சுகத்தைக் கொடுப்பானாக. அவளைப் பொய்க்காரி என்று தன் ஏட்டில் எழுதாமல் விடுவானாக.

பஸ்மினா.