சாயங்கால அளவு

12.10.1991

சௌபாக்கியவதி ஏலவார்குழலிக்கு,

பதின்மூன்று வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அது போதும். என் சுகத்தை நீ விசாரிக்கப் போவதில்லை, அதனால் அதை எழுதவில்லை. உன் மகன் இனியவனின் உடம்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முழுதாகப் படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் கொடு.

போன மாதம் காஞ்சிபுரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். குண்டு வெடித்த அந்த மே மாதத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் தாண்டும் பஸ்களை நிறுத்திப் பைகளைத் துழாவுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனின் பையில் ஒரு பிளாஸ்க் இருந்தது. போலீஸ்காரர் திறந்தார். ஐஸ் துண்டுகளுக்கு நடுவில் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள். "இன்னாடா இது, பாமா?" என்றார். "இல்ல சார், ஒசர ஊசி. உங்க டிபார்ட்மெண்டுல சேரத்தான் போட்டுக்கினு கீறேன்" என்றான். பஸ்ஸே சிரித்தது. பெயரைக் கேட்டார். இனியவன், வரதராஜுலு மகன் என்றான். நான் சிரிக்கவில்லை.

"படிச்சவங்க யாருனா கீறீங்களா?" என்று அவர் குப்பியை நீட்டியபோது நான்தான் வாங்கினேன். மருந்துக் கம்பெனி ஸ்டோரில் பத்தொன்பது வருஷமாக லேபிள் படிக்கிறவன். நான் வேலை சொல்லிக்கொடுத்தவர்களெல்லாம் மானேஜர் ஆகிவிட்டார்கள் என்பது வேறு கதை. அது வளர்ச்சி ஹார்மோன், வெளிநாட்டுச் சரக்கு. காலாவதித் தேதி இருந்த இடத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். என் தோளில் உட்கார்ந்து குன்றத்தூர் மலைப்படி ஏறியவன் என்னை "சார்" என்றான். கான்ஸ்டபிள் செலக்சனுக்கு ஒன்றரை அங்குலம் குறைகிறதாம். சுங்குவார்சத்திரத்தில் நாகப்பன் டாக்டர் ஊசி போடுகிறாராம். "மூணு மாசத்துல அரை இஞ்சு ஏறிட்டேன் சார். டாக்டர் ரூமு செவுத்துல அப்பாவே கோடு போட்டாரு." மோதிரம் கழற்ற வரவில்லை, விடிந்தால் விரல் மரத்துப்போகிறது என்பதையும் சந்தோஷமாகவே சொன்னான். உடம்பு வளர்வதற்கு அடையாளம் என்று நாகப்பன் சொன்னானாம்.

நாகப்பன் டாக்டர் இல்லை. ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்து, அவர் செத்த பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவன். மறுநாளே போனேன். எனக்கு ஒரு குள்ளமான பெண் இருப்பதாகப் பொய் சொன்னேன். "இன்னா சார் யோசிக்கிறே? கேரண்டி. பொண்ணை சாயங்காலமா இட்டுனு வா, மொத அளவு அப்பத்தான். அடுத்த அளவு மூணு மாசம் கழிச்சு, காலைல எழுந்ததும் நேரா வரணும்" என்றான். ஏன் அப்படி என்றேன். "அது தொழில் ரகசியம் சார்" என்று சிரித்தான்.

ஒரு ரகசியமும் இல்லை, குழலி. நாளெல்லாம் நின்று நடந்தால் முதுகெலும்பு அமுங்கும். படுத்து எழுந்தால் விரியும். யாராக இருந்தாலும் காலையில் ஏறக்குறைய அரை அங்குலம் உயரம்தான். உன் வீட்டுக்காரரையே இரண்டு வேளையும் சுவரோடு நிறுத்திக் கோடு போடு. ஊசி இல்லாமலே அவரும் வளர்வார்.

மருந்து பொய் என்று சொல்லவில்லை. மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியில் அது சுரக்காத பிள்ளைகளுக்கு, ரத்தம் சோதித்து, எலும்பைப் படம் எடுத்துப் பார்த்துத்தான் பெரிய டாக்டர்கள் கொடுப்பார்கள். இருபத்தொரு வயதில் எலும்பின் நுனி மூடியிருக்கும். அதற்குப் பிறகு போட்டால் உயரம் வராது. தாடை, கை, பாதம் தடிக்கும். சர்க்கரை ஏறும். உன் மாமியாரின் காலை எதற்காக எடுத்தார்கள் என்று நான் நினைவுபடுத்த வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. முன்பெல்லாம் இதைச் செத்தவர்களின் தலையிலிருந்து எடுத்தார்கள். போட்டுக்கொண்டவர்களில் சிலர் பல வருஷம் கழித்து மூளை கெட்டுச் செத்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன் வெளிநாடுகளில் அதை நிறுத்தினார்கள். நிறுத்திய சரக்கு எங்கே போயிருக்கும்? தேதி சுரண்டிய குப்பியைக் கண்ட நாளிலிருந்து எனக்கு இந்தச் சந்தேகம்தான்.

அவன் உடம்பு தானாகவே அதைச் சுரக்கும். நன்றாக அயர்ந்து தூங்கினால் சுரக்கும், மூச்சு வாங்க ஓடினால் சுரக்கும். ஊசி போடும்போது ஓடக்கூடாது என்று நாகப்பன் சொல்ல, பையன் ஓட்டத்தையே விட்டுவிட்டான். மறுபடி ஓடட்டும். வயிறாரச் சாப்பிட்டு நேரத்தோடு படுக்கட்டும். இதனாலும் உயரம் கூடாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பு தேறும். உயரம் பார்க்காத வேலையும் உலகத்தில் இருக்கிறது. ஊசியை இன்றே நிறுத்தி, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. போட்ட குப்பிகளை எறியாதே, அங்கே காட்டு.

பதின்மூன்று வருஷத்துக்கு முன் உன் நாத்தனார் ராஜம்மாவின் நிச்சயம் ஒரு மொட்டைக் கடிதத்தால் நின்றது. "இவ்ளோ சுத்தமா தமிழ் எழுத உன் அண்ணன வுட்டா யாரு கீறான்?" என்று உன் வீட்டுக்காரர் தெருவில் நின்று கேட்டார். அவரை விடு. நீ அன்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

அவர் எந்தக் கடிதத்தையும் கீழே பெயரைப் பார்த்துவிட்டுத்தான் படிப்பார். என் பெயர் இருந்தால் கிழித்துவிடுவார். பெயரில்லாத கடிதத்தை மட்டும் பதின்மூன்று வருஷமாகப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாராமே. இதையும் என் கைவேலை என்றுதான் சொல்வார். சொல்லட்டும். அப்போது பழையதை எடுத்து இதன் பக்கத்தில் வைத்து எழுத்தைப் பார்க்கச் சொல். நீயும் பார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு பார்த்தால் போதும்.

பிள்ளை இருக்கிற உயரத்தோடு நூறு வயது வாழட்டும்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் உள்ள தபால் பெட்டியில் போடப் போகிறேன். என்மேல் சுமத்திய காரியத்தை இன்றுதான் முதல் தடவையாகச் செய்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.