த்ரேசியாவுக்குக் குளிர் ஆகாது

கால்வே, அயர்லாந்து
4 பிப்ரவரி 2023

பிரியமுள்ள அப்பச்சனுக்கு,

லிஜி எழுதுகிறேன். நானும் பிள்ளைகளும் சுகம். இந்தக் காலத்தில் எதற்குக் காகிதமும் ஸ்டாம்பும் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் உங்களுக்குக் கேட்காது. வாட்ஸாப்பில் அனுப்பினால் உங்கள் மகன் ஜோயிச்சேட்டன்தான் முதலில் வாசிப்பான். இது நீங்கள் தனியாக உட்கார்ந்து வாசிக்க வேண்டியது.

அம்மச்சிதான் எழுதச் சொன்னாள். "உங்க அப்பன்கிட்ட இதெல்லாம் கத்திச் சொல்ல முடியுமாடி? நான் சாகிறதப் பத்திப் பேச ஆரம்பிச்சா பக்கத்து வீட்டுக்காரங்க வேலி ஓரம் வந்து நின்னுடுவாங்க. நீ எழுது, அவர் வாசிக்கட்டும்" என்றாள்.

சிறுநீரகத்தோடு இதயமும் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியும். நடந்து போய் வண்டியில் ஏற முடிகிறவரை டயாலிசிஸுக்குப் போவாளாம். தூக்கிக்கொண்டு போகிற நிலை வந்தால் நிறுத்திவிட வேண்டுமாம். ஐ.சி.யூ. வேண்டாம். அப்பச்சா, நான் வேலை பார்ப்பதே அங்கேதான். வாயில் குழாயும் கட்டிப்போட்ட கையுமாகக் கிடக்கிறவர்களை தினமும் பார்க்கிறேன். அம்மச்சி கேட்பது நியாயம்தான்.

இன்னொன்று வீடு. அது அவள் பேரில் இருப்பதால் உயில் எழுதிவிடச் சொல்கிறாள். இல்லாவிட்டால் சட்டப்படி உங்களுக்கும் எங்கள் இருவருக்குமாகப் பிரிந்துவிடும். உங்கள் காலம் வரை வீடு முழுக்க உங்களுடையது, பிறகுதான் நாங்கள். "என் மனுஷனுக்கு யாரும் அந்த வீட்டுல இடம் குடுக்க வேண்டாம். அது அவர் இடம்" என்றாள்.

கோபப்படாமல் அவளிடம் ஒருமுறை பேசுங்கள்.

உங்கள் மகள்,
லிஜி


ஒல்லூர், திருச்சூர்
20 பிப்ரவரி 2023

மோளே லிஜி,

ஈசோமிசிஹாவுக்குத் துதி. இயேசு உங்களைக் காக்கட்டும். கடிதம் வந்தது.

உன் அம்மச்சிக்கு ஒன்றும் இல்லை. நேற்றுகூட அயிலை கெட்டுப்போனது என்று மீன்காரனை விரட்டி அடித்தாள். அப்படிப்பட்டவளைப் பற்றி எழுதுகிற எழுத்தா இது? வீடு என் பேரில் இல்லை என்று நினைவுபடுத்தத்தான் அயர்லாந்திலிருந்து கடிதமா?

நான் இருக்கும்வரை அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவேன். நடக்க முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு போவேன். மில்லில் நெல் மூட்டை சுமந்த தோள் இது. இந்த விஷயத்தை இனி எழுதாதே.

உன் அண்ணி ஷைனி அச்சப்பம் சுட்டு வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளைகளுக்கு முத்தம்.

அப்பச்சன்
தேவஸ்ஸி


ஒல்லூர்
27 மார்ச் 2023

மோளே,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

போன வாரம் டயாலிசிஸ் முடிந்து வந்தோம். ஜோயி எங்களைக் கேட்டில் இறக்கிவிட்டு மருந்து வாங்கப் போனான். முற்றத்துக்கு வருவதற்குள் த்ரேசியாவுக்குக் கால் மடங்கிவிட்டது. தூக்கப் பார்த்தேன். மூட்டை சுமந்த தோள் என்று பெருமையாக எழுதினேனே, அந்தத் தோளோடு நானும் உட்கார்ந்துவிட்டேன். பலாமரத்தடியில் மண்ணில் இருவரும். அவள் சிரிக்கிறாள். எனக்கானால் அழுகை வருகிறது.

"லிஜி எழுதினது நெசமா?" என்று கேட்டேன்.

தலையாட்டினாள். பிறகு என் காதில் வாயை வைத்து, "ஜோயி வந்து தூக்கிறதுக்குள்ள பேசிடலாம் மனுஷா" என்றாள். அவ்வளவு பக்கத்தில் வந்தால் எனக்குக் கேட்கும். அவள் அப்படிப் பேசி எத்தனையோ வருஷமாகிவிட்டது.

நீ எழுதியதையெல்லாம் அவள் வாயாலேயே கேட்டேன். "நான் தனியா என்னடி பண்ணுவேன்?" என்றேன். "ஷைனிகிட்ட உப்பு சரியில்லன்னு சண்டை போடு, பொழுது போகும்" என்றாள். சாகப் போகிறவள் பேசுகிற பேச்சா அது? சரி என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீசில் உயில் பதிவாயிற்று. மில் மெக்கானிக் வாறுண்ணியும், சர்ச் வரவு செலவு பார்க்கிற பள்ளிக் கைக்காரரும் சாட்சி. ஜோயிதான் காரோட்டிக்கொண்டு வந்தான். வழி நெடுக வாயே திறக்கவில்லை. உயிலுக்காக இல்லை. ஆஸ்பத்திரி வேண்டாம் என்றதை அவனால் தாங்க முடியவில்லை.

இனி எழுதப்போவதற்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அவள் இன்னொன்றும் சொன்னாள். நம் ஊர்ப் பொரிஞ்சுவின் அம்மா செத்தபோது அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வருகிறவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள் இல்லையா? அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசில் வைத்திருக்கிறாள். "லிஜிக்காக என்ன ஐஸ்ல வைக்கக் கூடாது. எனக்குக் குளிர் ஆகாது. மறுநாளே எடுத்துடணும்" என்றாள்.

"அவ வேண்டாமா?" என்றேன். "வேணும். அதனாலதான் இப்பவே சொல்றேன்" என்றாள்.

அப்பச்சன்


கால்வே
12 ஏப்ரல் 2023

அப்பச்சா,

டியூட்டிக்குப் போகிற வழியில் பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

யார் யாருடைய அம்மாக்களோ என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறார்கள். என் அம்மாவின் முகத்தை மட்டும் நான் பார்க்கக் கூடாதா? இரண்டு நாள் வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? இப்படியெல்லாம் கேட்டு உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அப்புறம் கிழித்துப் போட்டேன்.

அம்மச்சியைப் போனில் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். பிள்ளைகள் பயந்து மாடிக்குப் போய்விட்டார்கள். நான் கத்தி முடித்ததும், "செத்த முகத்தப் பாக்க எடுக்கிற லீவை இப்ப எடுத்துட்டு வா. நான் பேசுவேன், திட்டுவேன், உனக்குத் தலை வாரி விடுவேன். ஐஸ் பெட்டிக்குள்ள கிடந்தா இதெல்லாம் செய்வேனா?" என்றாள்.

எனக்கு நாற்பத்தாறு வயது, அப்பச்சா. தலை வாரி விடுவாளாம்.

கோடை லீவு முழுவதையும் மே மாதத்துக்கு மாற்றிவிட்டேன். தனியாகத்தான் வருகிறேன். அம்மச்சி சொன்னதற்கு எனக்குச் சம்மதம். மனசார இல்லை, ஆனாலும் சம்மதம். இந்தக் கடிதத்தை ஜோயிச்சேட்டனிடம் காட்டுங்கள். நாளைக்கு அவன் ஒருத்தனே பழியைச் சுமக்கிற மாதிரி ஆகக் கூடாது.

லிஜி


ஒல்லூர்
9 செப்டம்பர் 2023

மோளே லிஜி,

ஈசோமிசிஹாவுக்குத் துதி. அடக்கத்தை நீ போனில் பார்த்ததாக ஷைனி சொன்னாள். போனில் தெரியாததை எழுதுகிறேன்.

த்ரேசியாவால் நடக்க முடியாமல் போய், டயாலிசிஸை நிறுத்திய பிறகு பாலியேட்டிவ் நர்ஸ் ரஹ்மத் அடிக்கடி வீட்டுக்கு வந்தாள். வலிக்கும் மூச்சுக்கும் மருந்து கொடுத்தாள். சர்ச்சிலிருந்து பாதிரி அச்சன் வந்து எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் செய்தார். கடைசி நாள் காலையில் ரஹ்மத் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்குத்தான் என்று கைச்சாடையில் சொன்னாள்.

மத்தியானம் மூச்சு வாங்குவதைப் பார்த்து ஜோயி காரை வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டான். "மகன் இருந்தும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலன்னு ஊர்ல பேச மாட்டாங்களா அப்பச்சா? கண் முன்னாடி சாக விடச் சொல்றீங்களா?" என்று கத்தினான். எனக்கே கேட்கிற அளவுக்குக் கத்தினான்.

"காரை ஷெட்ல போடுடா. போட்டுட்டு வந்து அம்மாகிட்ட உக்காரு" என்றேன்.

அவன் சாவியை விடவில்லை. உள்ளேயிருந்து ஷைனி வந்து சாவியை வாங்கிக்கொண்டாள். பிறகுதான் போய் உட்கார்ந்தான். த்ரேசியாவின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சாயந்திரம் அவள் மூச்சு அடங்கும்வரை எழுந்திருக்கவில்லை. இப்போது என்னோடு பேசுகிறான். முன்பைவிட அதிகமாகவே பேசுகிறான்.

மறுநாள் நாலு மணிக்கு எடுத்தோம். அதற்கு முன்னால் என் தங்கை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "ஒரே மகள், அவ வர வேணாமா? அவ்வளவு என்ன அவசரம்?" என்று கேட்டாள்.

"மகள் மே மாசமே வந்துட்டா" என்றேன்.

என் சாவைப் பற்றி நீ கேட்கமாட்டாய், இனி கேட்கத் துணியமாட்டாய். அதனால் நானே எழுதுகிறேன். குழாயும் மெஷினும் எனக்கும் வேண்டாம். ஜோயியிடம் சொல்லிவிட்டேன். ஆனால் ஐஸ் பெட்டி விஷயத்தில் எனக்கு உன் அம்மச்சியின் பிடிவாதம் கிடையாது. நீ வந்து சேருகிறவரை, எத்தனை நாளானாலும் என்னை வைத்திருக்கட்டும். அவள் முகத்தைத்தான் நீ பார்க்க முடியவில்லை. என் முகத்தையாவது பார்.

அதற்கு முன்னாலும் வா. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. எனக்குத் தலை வாரத் தெரியாது. திட்டத் தெரியும்.

ஷைனி வாசலில் நின்று கையை ஆட்டுகிறாள். சாப்பிடத்தான் கூப்பிடுகிறாள் போல. இன்றைக்கு மீன்கறி. உப்பு எப்படி என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

அப்பச்சன்