மணலுக்குள் இருந்தது

பிப்ரவரி 3, 2024. பூரணாங்குப்பம்
சவுக்கு நாற்று ஒரு விரல் உயரம் வந்துவிட்டது. வெறும் மணலில் இவ்வளவு பச்சை! மோட்டார்த் தண்ணீருக்காகப் போட்ட சண்டைக்குப் பிறகு என்னோடு பேசாத ஓரகத்தி அம்சவள்ளி வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். பார்க்கட்டும்.

பிப்ரவரி 6
ஒரு பாத்தியில் பாதி நாற்று சாய்ந்து கிடக்கிறது. அடித்தண்டை அறுத்த மாதிரி. ஆடு மேய்ந்தால் இப்படியா இருக்கும்? பிளேடு பிடித்த கை யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 8
அடுத்த பாத்தியும் போச்சு. கொழுந்தன் சிங்காரவேலுவிடம் சொல்லிவிட்டேன். "உன் பொண்டாட்டியக் கேளுப்பா, என் நாத்து மேல இன்னா கோவம் அவளுக்கு?" அவன் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தான். அவனுக்குப் பொண்டாட்டிமேல் கை நீளும். தெரிந்துதானே சொன்னேன்?

பிப்ரவரி 9
அடித்திருக்கிறான். சத்தம் இங்கே வரை கேட்டது. நான் போகவில்லை.

பிப்ரவரி 10
அம்சவள்ளி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பாத்தி மணலையே வாரி என்மேல் தூற்றினாள். "நான் அறுத்தத நீ பாத்தியாக்கா? நீ நல்லாவே இருக்கமாட்ட!"

அவள் போனபின் புடவையை உதறினேன். மணலோடு கொழுத்த புழு ஒன்று விழுந்தது. தொட்டதும் சுருண்டது. அறுபட்ட நாற்றின் அடியில் விரலால் கிளறினேன் — அங்கே ஒன்று. பக்கத்து நாற்றிலும் ஒன்று. ஐயோ, இன்னா பண்ணிட்டேன் நான்!

பிப்ரவரி 11
உரக்கடையில் புழுவைக் காட்டினேன். வெட்டுப்புழுவாம். பகலில் மணலுக்குள் பதுங்கிக்கொண்டு ராத்திரியில் தண்டை வெட்டுமாம். டியூப்லைட்டில் வந்து மோதும் சாம்பல் நிற அந்துப்பூச்சி இருக்கிறதே, அதன் முட்டையிலிருந்து வரும் புழுதான் இது. எத்தனை பூச்சியைத் துடைப்பத்தால் தள்ளியிருப்பேன்.

சிங்காரவேலுவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "இப்ப வந்து சொல்றியே அண்ணி," என்றான். அவள் பிள்ளைச்சாவடிக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 20
உரக்கடை மருந்து கேட்டது. மிச்ச நாற்று பிழைத்துவிட்டது. அதைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 2
பிள்ளைச்சாவடிக்குப் போனேன். அம்சவள்ளி வாசலில் உட்கார்ந்து வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். புழுவைப் பற்றிச் சொன்னேன். உன்மேல் பழி போட்ட பாவி நான், மன்னிச்சிடு என்று அழுதேன். அவள் அசையவில்லை. கையைத் தொட்டதும்தான் திரும்பினாள்.

"எதனா சொன்னியாக்கா? இந்தப் பக்கம் வந்து சொல்லு. அன்னிக்கு வாங்குன அடியில அந்தக் காது போயிடுச்சி."

எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தேன்.